உள்வரவு எண் வாங்காமல் நகராதீர்கள்: ஆசிரியர், அலுவலர் நடத்தை குறித்துப் புகார் செய்யும் மாணவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மதுரையில் உள்ள கல்லூரி ஒன்றின் அலுவலகத்தில் 27 ஆண்டுகள் வேலை பார்த்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் நான். அதில் 9 ஆண்டுகள் தபால் மேசை. வருகிற கடிதத்தைப் பிரித்து, முத்திரை குத்தி, பதிவேட்டில் உள்வரவு எண் போட்டு, உரிய அறைக்கு அனுப்புவது என் வேலை. மாணவர்கள் கொடுத்த புகார்கள் எத்தனையோ என் கை வழியாகப் போயிருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை பொய்யல்ல. ஆனாலும் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தன. தப்பான அறைக்குப் போயிருக்கும். கடிதத்தில் தேதி இருக்காது. கொடுத்ததற்கு அடையாளமாக மாணவரிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இருக்காது.

பல்கலை நகரில் முதுகலை படிப்பவராக இருக்கலாம், உசிலம்பட்டியிலிருந்து தினமும் பஸ் ஏறிக் கோரிப்பாளையத்தில் இறங்கும் இளங்கலை மாணவியாக இருக்கலாம். வழி ஏறக்குறைய ஒன்றுதான். நான் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்ததை, இந்தப் பக்கம் நிற்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் ஒரு நாற்பது பக்க நோட்டு

புகார் எழுதுவதற்கு முன்பே தொடங்க வேண்டிய வேலை இது. கடையில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். ஒவ்வொரு சம்பவத்துக்கும் தேதி, நேரம், இடம், அவர் சொன்ன சொல், அப்போது அருகில் யார் இருந்தார்கள், பிறகு அதை நீங்கள் யாரிடம் சொன்னீர்கள் என்று எழுதுங்கள். நடந்த அன்றே எழுதுங்கள். கடைசியாகச் சொன்னதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அன்று மாலையே அக்காவிடமோ அறைத்தோழியிடமோ சொல்லியிருந்தால், பின்னாளில் "இது இப்போது கட்டிய கதை" என்ற வாதத்தை உடைக்க அந்த ஒருவர் போதும்.

சொன்ன சொல் எவ்வளவு அசிங்கமாக இருந்தாலும் அப்படியே எழுதுங்கள். "தகாத வார்த்தை பேசினார்" என்ற வரியை வைத்துக்கொண்டு எந்தக் குழுவும் ஒன்றும் செய்ய முடியாது. எழுதக் கை கூசும். கூசினாலும் எழுதுங்கள்.

வாட்ஸ்அப் செய்தி என்றால், அனுப்பியவரே அதை அழித்துவிட முடியும் என்பதை மறக்காதீர்கள். எண்ணும் தேதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள். அந்தப் போனை விற்காதீர்கள், எக்ஸ்சேஞ்சில் கொடுக்காதீர்கள். பின்னாளில் வழக்கு என்று வந்தால் அசல் கருவியைக் கேட்பார்கள்.

2018-ல் அருப்புக்கோட்டைக் கல்லூரி உதவிப் பேராசிரியை ஒருவர் மாணவிகளைத் தவறான வழிக்கு அழைத்ததாகக் கைதானது நினைவிருக்கும். அந்த விவகாரத்தை வெளியே கொண்டுவந்தது ஒரு தொலைபேசி ஒலிப்பதிவு. 2024 ஏப்ரலில் ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றம் அவருக்கு 10 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. பதிவு மட்டும் இல்லாமலிருந்தால் அது கல்லூரி வாசலைக்கூடத் தாண்டியிருக்காது என்றே நினைக்கிறேன்.

எந்தக் கதவைத் தட்டுவது?

இந்த இடத்தில்தான் பாதிப் புகார்கள் செத்துப்போகின்றன. மாணவர்கள் எல்லாவற்றையும் "முதல்வர் அவர்களுக்கு" என்று எழுதுகிறார்கள். முதல்வர் அதைத் துறைத்தலைவருக்கு அனுப்புகிறார். துறைத்தலைவர் சம்பந்தப்பட்ட ஆசிரியரையே கூப்பிட்டு, "என்னப்பா இது?" என்று கேட்கிறார். மாலைக்குள் வகுப்பு முழுவதற்கும் தெரிந்துவிடுகிறது. ஆகவே, நடந்தது எந்த வகை என்று முதலில் பிரியுங்கள்.

அகமதிப்பீட்டு மதிப்பெண்ணில் பழிவாங்குதல், வருகைப்பதிவில் விளையாடுதல், வகுப்பில் எல்லோர் முன்னாலும் இழிவுபடுத்துதல், சான்றிதழைப் பிடித்து வைத்தல், ரசீது இல்லாத கட்டணம், விடுதிக் காப்பாளரின் அடாவடி ஆகியவை மாணவர் குறைதீர்ப்புக் குழுவுக்குப் போக வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யுஜிசி, 2023-ல் கொண்டுவந்த விதிகளின்படி ஒவ்வொரு கல்லூரியிலும் இது இருந்தாக வேண்டும். பேராசிரியர் ஒருவர் தலைவர். மூத்த ஆசிரியர்கள் நால்வர் உறுப்பினர். மாணவர் ஒருவர் சிறப்பு அழைப்பாளர். குழுவில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி, இதர பிற்படுத்தப்பட்டோர் தரப்பிலிருந்து ஒருவராவது இருக்க வேண்டும். புகார் கிடைத்த 15 வேலைநாட்களுக்குள் குழு தன் அறிக்கையைத் தர வேண்டும். இணையவழியில் புகார் செய்யவும் ஏற்பாடு இருக்க வேண்டும் என்கிறது விதி. கல்லூரியின் இணையதளத்தில் அந்த இணைப்பு ஏதாவது ஒரு மூலையில் ஒளிந்திருக்கும். தேடுங்கள்.

பாலியல் நோக்கமுள்ள பேச்சு, பார்வை, செய்தி, தொடுதல், "தனியாக வந்து வைவாவுக்குத் தயார் செய்" என்கிற அழைப்பு எதுவானாலும் உள்புகார் குழுவுக்கு எழுதுங்கள். இதை முதல்வருக்கு எழுதாதீர்கள். பணியிடத்தில் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டமும், யுஜிசி 2015-ல் வகுத்த விதிகளும் இந்தக் குழுவைத் தனியாகவே நிறுத்தியிருக்கின்றன. தலைவர் மூத்த பெண் ஆசிரியர். துணைவேந்தர், பதிவாளர், டீன், துறைத்தலைவர் போன்ற நிர்வாகப் பதவியில் இருப்பவர்கள் இதில் உறுப்பினராக முடியாது. வெளியிலிருந்து ஒருவர் இருக்க வேண்டும். விவகாரம் மாணவர் சம்பந்தப்பட்டது என்றால் மாணவர் பிரதிநிதிகள் மூவரும் வேண்டும். மாணவர் மூவரும் தேர்ந்தெடுக்கப்பட்டு வர வேண்டும் என்று விதி சொன்னாலும், பல இடங்களில் வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்குபவரின் பெயரை அவருக்கே தெரியாமல் எழுதிவிடுகிறார்கள். குழுவின் பட்டியலைப் பார்க்கும்போது இதையும் கவனியுங்கள்.

பையன்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 2013 சட்டம் பெண்களுக்கானது. யுஜிசி விதிகளோ ஆண் மாணவர்களும் திருநர்களும் பாதிக்கப்படலாம் என்பதை வெளிப்படையாக ஏற்கின்றன. ஆண் என்பதால் குழு புகாரை வாங்க மறுத்தால் அந்த விதியைக் காட்டுங்கள்.

முதலாண்டு மாணவர்களில் கணிசமானோருக்கு 17 வயதுதான். 18 நிரம்பாதவர் என்றால், சிறார்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் பொருந்தும். விஷயம் தெரிந்த எவரும் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும். கல்லூரி உள்ளுக்குள் முடித்துக்கொள்ள முடியாது. சிறார் உதவி எண் 1098-க்கு அழைக்கலாம்.

சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினால் இரண்டு வழிகள் உள்ளன. கல்லூரிக்குள் சம வாய்ப்பு மையம், பாகுபாட்டுக்கு எதிரான அலுவலர் என்ற ஏற்பாடு 2012 யுஜிசி விதிகளிலிருந்தே இருக்கிறது. குறைதீர்ப்புக் குழுவும் பாகுபாட்டுப் புகாரை வாங்கும். பட்டியல் சாதி, பழங்குடியினர் என்றால் 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் நேரடியாகப் பொருந்தக்கூடும். அதை விசாரிப்பவர் துணைக் கண்காணிப்பாளர் நிலையில் உள்ள போலீஸ் அதிகாரி. "ஊரில் எப்படி இருந்தாயோ அப்படியே இங்கும் இருக்கிறாய்" என்று நாசூக்காகப் பேசுகிற ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். சாதிப் பெயர் வாயில் வராது, எல்லோருக்கும் புரியும். அந்த வகைப் பேச்சுக்கு வழக்கு நிற்பது கடினம். குறைதீர்ப்புக் குழுவில், தேதிவாரியாக எழுதிய நோட்டை வைத்து நிறுத்தலாம்.

பணம் கேட்டால், ஆய்வேட்டைக் கையெழுத்திட, மதிப்பெண் போட, கோப்பை நகர்த்த என்று எதற்காகவானாலும், லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போங்கள். பல்கலைக்கழக ஆசிரியர், ஊழியர், அரசு உதவி பெறும் கல்லூரி ஊழியர் எல்லோரும் ஊழல் தடுப்புச் சட்டப்படி பொது ஊழியர்கள். 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பதும் குற்றம். கட்டாயப்படுத்தியதால் கொடுத்துவிட்டீர்கள் என்றால் ஏழு நாட்களுக்குள் தகவல் கொடுக்க வேண்டும். கொடுப்பதற்கு முன்பே போய்ச் சொல்லிவிட்டால் மிச்சத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ரசாயனம் தடவிய ரூபாய் நோட்டு எப்படி வேலை செய்யும் என்பது தினசரி படிக்கிற எல்லோருக்கும் தெரியும்.

சக மாணவர்களின் ராகிங்குக்கு 1800-180-5522. அது தனிக் கதை, இங்கே விடுகிறேன்.

எதிலும் சேராத ஒன்றும் உண்டு. ஆசிரியர் கறாரானவர், சிரிக்க மாட்டார், அசைன்மென்ட் தாமதமானால் வாங்க மாட்டார். எரிச்சலாகத்தான் இருக்கும், புகாருக்கு உரிய விஷயம் இல்லை. இப்படி ஒன்றைக் கொடுத்துவிட்டு, அடுத்த மாதம் உண்மையான ஒன்றைக் கொண்டுவந்தால் யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள்.

உங்கள் கல்லூரிக்கு மேலே யார்?

பல்கலைக்கழகத்தின் துறையில் படிக்கிறவருக்கு மேலதிகாரி பதிவாளரும் துணைவேந்தரும். இணைப்புக் கல்லூரி என்றால், உள்ளே முதல்வரும் செயலரும்; மேல்முறையீடு போகும் குறைதீர்ப்பாளர் பல்கலைக்கழகத்தில் இருப்பார். அரசு, அரசு உதவி பெறும் கலை அறிவியல் கல்லூரிகளுக்கு மதுரையிலேயே கல்லூரிக் கல்வி மண்டல இணை இயக்குநர் அலுவலகம் இருக்கிறது. தன்னாட்சிக் கல்லூரிகளில் தேர்வுத் தகராறுகள் கல்லூரியின் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரோடு நிற்கும். பொறியியல், மருத்துவம், வேளாண்மை ஆகியவற்றுக்குப் பல்கலைக்கழகமும் ஒழுங்குமுறை அமைப்பும் வேறு. உள்புகார் குழு மட்டும் எல்லோருக்கும் பொது.

நாட்கணக்கு

பாலியல் துன்புறுத்தல் புகாரை, சம்பவம் நடந்த மூன்று மாதங்களுக்குள் கொடுக்க வேண்டும். தொடர்ச்சியாக நடந்திருந்தால், கடைசிச் சம்பவத்திலிருந்து மூன்று மாதம். தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். அதற்கு மேல் கதவு மூடிவிடும்.

இது ஏட்டில் மட்டும் இருக்கிற விதி என்று எண்ண வேண்டாம். கொல்கத்தா சட்டப் பல்கலைக்கழகம் ஒன்றின் துணைவேந்தர் மீது அங்குள்ள ஆசிரியை ஒருவர் 2023 டிசம்பரில் புகார் கொடுத்தார். கடைசிச் சம்பவம் 2023 ஏப்ரலில் நடந்தது என்று கணக்கிடப்பட்டது. ஆறு மாதம் கடந்துவிட்டதால் புகாரை விசாரிக்க முடியாது என்று 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கூடவே, அந்தத் தீர்ப்பைத் துணைவேந்தர் தன் சுயவிவரக் குறிப்பில் சேர்த்தே ஆக வேண்டும் என்றும் சொன்னது. நீதிபதிகளுக்கே மனம் ஒப்பவில்லை என்பது அதில் தெரிகிறது. ஆனாலும் காலக்கெடு காலக்கெடுதான். "செமஸ்டர் முடியட்டும், மதிப்பெண் வந்துவிடட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று வீட்டில் சொல்வார்கள். ஒரு செமஸ்டர் ஏறக்குறைய ஆறு மாதம் என்பதை அவர்களுக்கு நினைவூட்டுங்கள்.

கடிதம்

என் மேசைக்கு வந்த ஒரு கடிதம் இப்படி இருந்தது:

"மதிப்பிற்குரிய ஐயா, எங்கள் துறை ஆசிரியர் எங்களை மிகவும் கேவலமாக நடத்துகிறார். பல முறை மனம் நொந்து அழுதிருக்கிறோம். தாங்கள் தக்க நடவடிக்கை எடுக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம். இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள மாணவிகள்."

பெயர் இல்லை, தேதி இல்லை, எந்த ஆசிரியர் என்றும் இல்லை. எழுதியவர்கள் எவ்வளவு துயரப்பட்டு எழுதினார்களோ தெரியாது. முதல்வர் அறையிலிருந்து "கோப்பில் வைக்கவும்" என்ற குறிப்போடு திரும்பி வந்தது. அலுவலக மொழியில் அதற்கு அடக்கம் என்று பொருள்.

அதே விஷயத்தை இப்படி எழுதலாம்:

"ஆகஸ்ட் 12, செவ்வாய், மூன்றாம் பாடவேளை, அறை எண் 14. வேதியியல் உதவிப் பேராசிரியர் திரு. … அவர்கள் என் ஆய்வகக் குறிப்பேட்டை எடுத்து மாணவர்கள் முன் வீசி எறிந்தார். 'உன்னைப் படிக்க அனுப்பியதற்கு உன் அப்பன் இரண்டு மாடு வாங்கியிருக்கலாம்' என்றார். அப்போது வகுப்பில் இருந்தவர்களில் இருவர் சாட்சி சொல்ல முன்வந்துள்ளனர், பெயர்கள் இணைப்பில். இதற்கு முன் ஜூலை 29 அன்றும் இதேபோல் நடந்தது. விவரம் இரண்டாம் பத்தியில்."

எந்த இடத்திலும் "கேவலமாக" என்ற சொல் இல்லை. படிப்பவர் அந்தச் சொல்லைத் தானே போட்டுக்கொள்வார்.

அனுப்புநரில் பெயர், பதிவு எண், வகுப்பு. பெறுநரில் குழுத் தலைவர். பொருளில் ஒரே வரி. சம்பவங்களை நடந்த வரிசையில், ஒன்றுக்கு ஒரு பத்தியாக எழுதுங்கள். கடைசிப் பத்தியில் உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். இந்தப் பத்தியை யாரும் எழுதுவதில்லை. "தக்க நடவடிக்கை" என்றால் எச்சரிக்கைக் கடிதம்கூடத் தக்க நடவடிக்கைதான். "என் விடைத்தாளை வேறு ஆசிரியர் மதிப்பிட வேண்டும்", "ஆராய்ச்சி நெறியாளரை மாற்ற வேண்டும்", "என் அசல் சான்றிதழ்களை ஏழு நாளில் திருப்பித் தர வேண்டும்" என்று எழுதுங்கள். கேட்டது தெளிவாக இருந்தால் மறுப்பதற்கும் காரணம் எழுதியாக வேண்டும்.

தமிழிலேயே எழுதுங்கள். ஆங்கிலத்தில் எழுதினால்தான் மதிப்பு என்று நினைத்து, யாரோ ஒருவரிடம் கொடுத்து எழுதி வாங்கி, அதில் என்ன இருக்கிறது என்றே தெரியாமல் விசாரணைக்குப் போய் விழித்த மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். எழுத்தில் கொடுக்க முடியாத நிலையில் இருப்பவருக்கு எழுத உதவுவது உள்புகார் குழுவின் கடமை என்று சட்டமே சொல்கிறது. உடலோ மனமோ நலிந்து முடியாதவருக்காக உறவினரும் சக மாணவரும் புகார் கொடுக்கலாம்.

மொட்டைக் கடுதாசி மட்டும் வேண்டாம். பயம் புரிகிறது. ஆனால் கையெழுத்தில்லாத காகிதத்தை விசாரிக்க எவருக்கும் கட்டாயமில்லை. எதிராளிக்கு முன்னெச்சரிக்கை கொடுத்ததுதான் மிச்சமாகும். தனியாகக் கையெழுத்திட அஞ்சினால் ஐந்தாறு பேர் சேர்ந்து போடுங்கள். அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஒரே கடிதத்தில் நாற்பது கையெழுத்து வாங்குவதைவிட, ஆளுக்கு ஒரு கடிதமாக ஆறு கடிதம் கொடுப்பது பலமானது. நாற்பது பேரில் முப்பது பேர் "படிக்காமல் போட்டேன் சார்" என்று விசாரணையில் சொல்லிவிடுவார்கள்.

கொடுக்கிற இடத்தில்

உள்புகார் குழுவுக்கு, இணைப்புகளோடும் சாட்சிகளின் பெயர், முகவரியோடும் ஆறு பிரதிகள் கொடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. மற்றவற்றுக்கு இரண்டு போதும்: ஒன்று அவர்களுக்கு, ஒன்று உங்களுக்கு.

தபால் மேசையில் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். கடிதத்தை நீட்டுவீர்கள். மேசையில் இருப்பவர் முதல் வரியைப் படிப்பார். முகம் மாறும். "வைத்துவிட்டுப் போம்மா, சாரிடம் கொடுத்துவிடுகிறேன்" என்பார். அந்த நாற்காலியில் இருந்தபோது நானும் இதைச் சொல்லியிருக்கிறேன். வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

ஒரு நாள் உசிலம்பட்டிப் பக்கத்து மாணவி ஒருத்தி அப்படி நகரவில்லை. இரண்டாவது பிரதியை மேசைமேல் வைத்து, "இதில் முத்திரை போட்டு உள்வரவு எண் எழுதிக் கொடுங்கள் ஐயா, அப்பா வாங்கி வரச் சொன்னார்" என்றாள். "அதெல்லாம் பழக்கமில்லை" என்றேன். "பரவாயில்லை ஐயா, நிற்கிறேன்" என்று சுவரோரம் நின்றுகொண்டாள். பன்னிரண்டு மணிக்கு நின்றவள் ஒன்றரைக்கும் நின்றாள். சாப்பாட்டுக்குப் போகிறவர்கள் எல்லாம் அவளைப் பார்த்துக்கொண்டே போனார்கள். நான் முத்திரையை எடுத்து மை ஒற்றிக் குத்தினேன். எண்ணையும் தேதியையும் எழுதிச் சுருக்கொப்பம் போட்டேன். அந்தக் கடிதம் பதிவேட்டில் ஏறிவிட்டது. பதிவேட்டில் ஏறியதை யாரும் கிழிக்க முடியாது. பக்க எண் இருக்கிறது, தணிக்கை இருக்கிறது. அந்தப் புகாருக்குப் பதில் வந்தது. அவள் கேட்டது முழுவதும் கிடைக்கவில்லை. ஆய்வக மதிப்பெண் மட்டும் வேறு ஆசிரியரால் மறுபடி போடப்பட்டது.

நின்று வாங்க முடியாதவர்கள் ஸ்பீடு போஸ்ட்டில் ஒப்புகை அட்டையோடு அனுப்புங்கள். அன்றே மின்னஞ்சலிலும் ஒரு நகல் அனுப்புங்கள். தல்லாகுளம் தலைமைத் தபால் நிலையத்தில் வாங்கிய ரசீதும் முத்திரைக்குச் சமம்தான்.

புகாரை இன்ஸ்டாகிராமில் போடாதீர்கள். ஆத்திரத்துக்கு வடிகாலாக இருக்கும். மறுநாள் அவதூறு நோட்டீஸ் உங்கள் வீட்டுக்கு வரும். உள்புகார் குழு விவகாரத்தில் இருதரப்பின் அடையாளத்தையும் விசாரணை விவரத்தையும் வெளியிடுவதைச் சட்டமே தடுக்கிறது.

விசாரணை அறையில்

உள்புகார் குழு ஏழு நாளுக்குள் உங்கள் புகாரின் பிரதியை எதிர்தரப்புக்கு அனுப்பும். அவருக்குப் பதில் சொல்லப் பத்து நாள். மொத்த விசாரணை 90 நாளுக்குள் முடிய வேண்டும். அறிக்கை அடுத்த 10 நாளில். யுஜிசி விதிப்படி அதன்மீது நிர்வாகம் 30 நாளுக்குள் செயல்பட வேண்டும். இருதரப்பும் வழக்கறிஞரை அழைத்து வர முடியாது. குழுத் தலைவர் உட்படக் குறைந்தது மூன்று பேர் இருந்தால்தான் அமர்வு செல்லும். உள்ளே போனதும் எண்ணிப் பாருங்கள்.

முதல் அமர்விலேயே இடைக்கால நிவாரணத்தை எழுத்தில் கேளுங்கள். விசாரணை முடியும்வரை அவர் உங்கள் விடைத்தாளைத் திருத்தக் கூடாது, வைவாவில் உட்காரக் கூடாது என்று குழு பரிந்துரைக்கலாம். உங்களை விட்டு விலகியிருக்கும்படி அவரை எச்சரிக்கலாம். தேவைப்பட்டால் மூன்று மாதம்வரை உங்களுக்கு விடுப்பும் வாங்கித் தரலாம். பல கல்லூரிகளில் 100-க்கு 25 மதிப்பெண் ஆசிரியர் கையில் இருக்கிறது. முனைவர் பட்ட மாணவருக்கோ முழு வாழ்க்கையும் நெறியாளர் கையெழுத்தில் இருக்கிறது. இதைக் கேட்காமல் விசாரணைக்கு உட்காருவது, கூரையைப் பிரித்துவிட்டு மழைக்குக் காத்திருப்பது போல.

உங்கள் வாக்குமூலத்தை எழுதி முடித்ததும் படித்துப் பார்க்காமல் கையெழுத்திடாதீர்கள். "தொட்டார்" என்று நீங்கள் சொன்னது "தொட்டதாக உணர்ந்தேன்" என்று மாறியிருக்கலாம். எழுதுகிறவருக்குக் கெட்ட எண்ணம் இருக்க வேண்டும் என்பதில்லை. கை அப்படிப் பழகியிருக்கும். அடித்துத் திருத்தி, ஓரத்தில் சுருக்கொப்பம் போடுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திடுங்கள்.

குழு அவசரப்படுகிறது என்றால் அதுவும் உங்களுக்கு நல்லதில்லை. கோவா பல்கலைக்கழக ஆசிரியர் ஒருவர் மீதான விசாரணையில் குழு 39 நாளில் 18 முறை கூடி முடித்து, அவர் வேலையும் போனது. தற்காத்துக்கொள்ளப் போதிய வாய்ப்பு அவருக்குத் தரப்படவில்லை என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, விசாரணையைத் திரும்ப நடத்தச் சொன்னது. புகார் கொடுத்தவர்களுக்கு எல்லாம் மறுபடி முதலிலிருந்து. எதிர்தரப்புக்கு நியாயமான அவகாசம் கிடைத்ததா என்று பார்ப்பதில் உங்களுக்கும் அக்கறை வேண்டும்.

"நிரூபிக்க முடியாவிட்டால் உன்மீது நடவடிக்கை" என்று மிரட்டுவார்கள். நிரூபிக்க முடியாமல் போவது வேறு, தெரிந்தே பொய் சொல்வது வேறு. முதலாவதற்குத் தண்டனை கிடையாது என்று 2013 சட்டம் தெளிவாக எழுதி வைத்திருக்கிறது.

சமாதானம் பேச வருகிறவர்கள்

நம் பக்கத்தில் இதுதான் பெரிய சோதனை. புகார் கொடுத்த மறுநாளே வீட்டுக்குப் போன் போகும். மேலூர்ப் பக்கமோ திருமங்கலமோ, அப்பாவுக்குத் தெரிந்த ஒரு பெரியவர், சங்கத்துக்காரர், சொந்தத்தில் ஒரு வாத்தியார் என யாராவது ஒருவர் வருவார். "பெண்பிள்ளை பெயர் கெட்டுவிடும், டி.சி. வாங்குவதில் சிக்கல் வரும், அவரும் பிள்ளைகுட்டிக்காரர்" என்று பேசுவார். அவர் கெட்டவராக இருக்க மாட்டார். அதனால்தான் சமாளிப்பது கடினம்.

உள்புகார் குழு விவகாரத்தில் சமரசம் என்பது பாதிக்கப்பட்டவர் தானாகக் கேட்டால் மட்டுமே. அதிலும் பணம் கைமாறக் கூடாது. இதை அப்பாவிடம் நீங்களே முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். அவர் வெளியாள் வாயிலிருந்து முதலில் கேட்டால் கோபம் உங்கள்மேல் திரும்பும். யார், எந்தத் தேதியில், எந்த எண்ணிலிருந்து பேசினார்கள் என்பதும் அந்த நோட்டில் ஏறட்டும்.

பதில் வரவில்லை என்றால்

குறைதீர்ப்புக் குழுவின் முடிவு ஒப்பவில்லையென்றால் 15 நாளுக்குள் பல்கலைக்கழகக் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். ஓய்வுபெற்ற துணைவேந்தர், மூத்த பேராசிரியர், முன்னாள் மாவட்ட நீதிபதி போன்ற ஒருவர் அந்தப் பதவியில் இருப்பார். 30 நாளில் முடிக்க முயல வேண்டும். உள்புகார் குழு முடிவின்மீது மேல்முறையீட்டுக்கு யுஜிசி விதி தரும் அவகாசமும் 30 நாள்.

பதிலே வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டம். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டி, "உள்வரவு எண் இது, தேதி இது, இதன்மீது எடுத்த நடவடிக்கையின் கோப்புக் குறிப்பு நகல் வேண்டும்" என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். உள்வரவு எண்ணின் அருமை அப்போது தெரியும். மதிப்பெண் தகராறு என்றால் உங்கள் விடைத்தாளையே கேட்கலாம். அந்த உரிமையை 2011-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்திருக்கிறது. சுயநிதிக் கல்லூரி நேரடியாகப் பதில் தராமல் நழுவினால் பல்கலைக்கழகத்திடமோ இணை இயக்குநர் அலுவலகத்திடமோ கேளுங்கள்.

திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டம், தமிழக முதலமைச்சரின் உதவி மையம் 1100 ஆகியவை உதவும், ஆனால் மனு சுற்றிச் சுற்றி அதே கல்லூரிக்கே "அறிக்கை தருக" என்று வரும். நானே அத்தகைய அறிக்கைகளைத் தட்டச்சு செய்திருக்கிறேன். ஆகவே அதை முதல் வழியாக வைக்காதீர்கள்.

குற்றம் என்றால் போலீசுக்குப் போகக் குழுவின் முடிவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கலாம். எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம். "எங்கள் எல்லை இல்லை" என்று திருப்பியனுப்ப முடியாது. அவசரத்துக்கு 112, பெண்களுக்கு 181. வழக்கறிஞர் வைக்க வசதியில்லை என்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. கடைசியாக ரிட் மனு. 2004 முதல் உயர் நீதிமன்றக் கிளை மதுரையிலேயே இருப்பதால், நம் பிள்ளைகள் அதற்காகச் சென்னைக்கு ரயில் ஏற வேண்டியதில்லை.

இதற்கிடையில் தூக்கம் கெடும், சாப்பாடு இறங்காது, வகுப்புக்குப் போகக் கால் வராது. 14416-ல் தமிழிலேயே மனநல ஆலோசகரிடம் பேசலாம், கட்டணமில்லை. விசாரணைக்குப் போகும் நாளில் வாசல்வரை யாரையாவது அழைத்துப் போங்கள்.

முத்திரை போட்ட அந்தப் பிரதியை ஹாஸ்டல் அலமாரியில் வைக்காதீர்கள். போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, அசலை ஊருக்கு எடுத்துப் போய், வீட்டில் ரேஷன் கார்டும் பத்திரமும் இருக்கிற பையில் வைத்துவிடுங்கள்.